லெப்ட் சீட்டுக்காரனின் கடமைகள்

தப்பு என்னுடையதுதான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் மிச்சத்தை நிம்மதியாகச் சொல்லலாம். காட்பாடியில் ஒரு திருப்பத்துக்காக நான் போட்ட இடது இண்டிகேட்டர், சித்தூர் ஊருக்குள் நுழையும்வரை அணையவே இல்லை. டிக் டிக் என்று ஒரு சத்தம் வந்தது உண்மை. காரில் நாகஸ்வரம் ஓடிக்கொண்டிருந்தது. அதோடு சேர்ந்த தாளம் என்று நினைத்துத் தொடையில் தட்டிக்கொண்டே வந்தேன். தாளம் பாட்டோடு ஒட்டவில்லையே என்று நடுவில் ஒரு சந்தேகமும் வந்தது. தவில்காரரைத்தான் சந்தேகப்பட்டேன்.

அந்த இடது இண்டிகேட்டரோடு, என் மச்சான் வீட்டுத் தெருவுக்குள் வலதுபக்கம் திரும்பினேன். பின்னால் வந்த பால் வண்டி என் வலது கதவில் வந்து உட்கார்ந்தது.

என் பக்கத்துக் கதவு திறக்கவில்லை. வயிற்றை எக்கிக்கொண்டு கியரைத் தாண்டி இடதுபக்கமாக நான் வெளியே வந்து விழுந்ததைத் தெருவே நின்று பார்த்தது. விழுந்தாலும் என்னிடம் பேச்சு தயாராக இருந்தது. ஆந்திர எல்லையைத் தாண்டியதிலிருந்தே, இந்தப் பக்கத்து ஓட்டுநர்களின் ஒழுக்கத்தைப் பற்றி மனசுக்குள் ஒரு சொற்பொழிவு தயாரித்துக்கொண்டு வந்திருந்தேன். அதில் முதல் வரியை எடுப்பதற்குள் பால் வண்டிக்காரர் என் காரின் பின்னால் போய், இன்னும் கண் சிமிட்டிக்கொண்டிருந்த இடது விளக்கைக் காட்டினார்.

"சார், இந்த ரோட்ல ஒருத்தனும் இண்டிகேட்டர் போட்டு நான் பாத்ததில்ல. இன்னிக்குத்தான் ஒரு மனுசன் போட்டுகினு போறாரேன்னு நம்பி வந்தேன். நம்பினது என் தப்பு."

சொற்பொழிவு அங்கேயே முடிந்தது.

நான் கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்திருப்பவன். சித்தூருக்கு வந்தது என் மகள் நித்யாவின் கல்யாணத்துக்கு அவளுடைய தாய்மாமன் முனிரத்தினத்தை அழைக்க. சாதாரணமாக இது தம்பதியாகப் போய்ச் செய்யவேண்டிய காரியம். என் மனைவி கற்பகம் வர மறுத்துவிட்டாள். "சண்டை போட்டது நீங்க. சமாதானமும் நீங்களே போய்ப் பண்ணுங்க" என்றாள்.

சண்டை இதுதான். போன வருடம் ஆடிக் கிருத்திகைக்கு முனிரத்தினத்தின் காரில் எல்லோரும் திருத்தணிக்குப் போனோம். நான் முன் சீட்டில் அவனுக்குப் பக்கத்தில். சித்தூரிலிருந்து நகரி வரைக்கும் ஒவ்வொரு திருப்பத்திலும் நான் "இண்டிகேட்டர்" என்றேன். புத்தூர் தாண்டியதும் கொஞ்சம் விரிவாகச் சொன்னேன். நகரியில், விசைத்தறிச் சத்தம் காதைப் பிளக்கும் ஒரு தெருமுனையில் அவன் காரை நிறுத்தி, என் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டு, "எறங்குங்க மாமா" என்றான். இறங்கினேன். நான் திருத்தணிக்கு அரசுப் பேருந்தில் போனேன். அந்தப் பேருந்தும் இண்டிகேட்டர் போடவில்லை. அதைச் சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லாததுதான் எனக்குப் பெரிய வருத்தமாக இருந்தது.

அதிலிருந்து முனிரத்தினம் எங்களோடு பேசுவதில்லை. கல்யாணம் நிச்சயமானதும் நித்யா சொல்லிவிட்டாள்: "மாமா கார்லதான் மண்டபத்துக்குப் போவேன். மாமா கையப் புடிச்சுக்கிட்டுத்தான் மணமேடை ஏறுவேன். மாமா வரலன்னா தேதிய மாத்துங்க." கற்பகம் கிளம்பும்போது வாசலில் வைத்து எச்சரித்தாள். அவள் இத்தனை காலம் கும்பகோணத்துத் தமிழ்தான் பேசிவருகிறாள். கோபம் வந்தால் மட்டும் அந்தத் தமிழ் சடாரென்று சித்தூருக்குத் திரும்பிவிடும், அதற்கும் இண்டிகேட்டர் கிடையாது. "எந்தம்பி வண்டி ஓட்டறதப் பத்தி வாயத் தொறந்தீங்க, பொண்ணு கல்யாணம் நின்னுது. நெனப்பு கீதா?"

நினைப்பு இருந்தது. ஆனால் என் காரை மெக்கானிக் கட்டி இழுத்துக்கொண்டு போய்விட, நான் மறுபடி அவனுடைய காரில்தான் உட்காரப்போகிறேன் என்று கிளம்பும்போது எனக்குத் தெரியாது.

முனிரத்தினம் முன்பு லாரி ஓட்டியவன். இப்போது மாங்காய் மண்டி வைத்திருக்கிறான். ஆனி மாதம், சீசன் உச்சம். சித்தூரைச் சுற்றி எந்த ரோட்டில் பார்த்தாலும் கிளிமூக்கு மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் பழக்கூழ் பேக்டரிக்கு வரிசை கட்டி நின்றன. டிரெய்லர்களுக்குப் பின்விளக்கு கிடையாது. மாங்கொத்து ஒன்றை ஒடித்துக் கட்டியிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் பின்னால் வருகிறவன் தெரிந்துகொள்ள வேண்டும். கும்பகோணத்தில் நாங்கள் இவ்வளவு மோசமில்லை. கையை நீட்டிக் காட்டுவோம். காட்டிவிட்டுச் சில சமயம் எதிர்ப்பக்கம் திரும்புவோம், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் அவன் வீட்டில் களியும் வேர்க்கடலைச் சட்னியும் கீரைப் பருப்பும் போட்டார்கள். களியை மெல்லக்கூடாது, விழுங்க வேண்டும். நான் மென்றேன். அவன் மனைவி கோமளா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். முனிரத்தினம் சிரிக்கவில்லை. ஆனால் பேசினான். என் காருக்கு நேர்ந்தது அவனை அவ்வளவு சந்தோஷப்படுத்தியிருந்தது.

"பாத்தீங்களா மாமா, இண்டிகேட்டர் போட்டா இன்னா ஆவுதுன்னு."

நான் களியை விழுங்கினேன்.

"நாம திரும்பப் போறோம்னு சொல்லிட்டா, பின்னாடி வர்றவன் இன்னா பண்ணுவான்? வழி உடுவான்னு நெனக்கிறீங்களா? 'அய்யய்யோ, இவன் திரும்பறதுக்குள்ள நாம பூந்துடணும்'னு வேகமா வருவான். சொல்லாம திரும்பினா பயந்து பிரேக் போடுவான். எது சேப்டி, நீங்களே சொல்லுங்க."

சொல்வதற்கு என்னிடம் நிறைய இருந்தது. தண்ணீர் குடித்தேன்.

"அதும் இல்லாம, வூட்ட உட்டுக் கிளம்பறவன எங்க போறன்னு கேக்கறதே தப்புன்னு பெரியவங்க சொல்லுவாங்க. போற காரியம் வெளங்காது. கேட்டாலே வெளங்காதுன்னா, நாமளே வெளக்குப் போட்டு ஊருக்கெல்லாம் சொன்னா?"

இதை அவன் முழு நம்பிக்கையோடு சொன்னான். ஒரு கணம் எனக்கே சரிதானோ என்று தோன்றியது. அதுதான் களியின் குணம் போலிருக்கிறது, உள்ளே போய் மூளையைச் சாந்தப்படுத்திவிடுகிறது.

சாப்பிட்டு முடித்ததும் தட்டில் வெற்றிலை பாக்கு, நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகை எல்லாம் வைத்து நீட்டினேன். முனிரத்தினம் கையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

"மொதப் பத்திரிக பெருமாளுக்கு வெச்சாச்சா?"

வைக்கவில்லை. அவனை அழைத்துக்கொண்டு போய் வைக்கலாம் என்று இருந்தேன்.

"அவருக்கே வெக்காததை நான் எப்படி வாங்கறது? நாளைக்குத் திருமலைக்குப் போலாம். அப்பறம் பாக்கலாம்."

'பார்க்கலாம்' என்பது எங்கள் வீட்டில் மறுப்புக்கு மரியாதையான பெயர். சித்தூரில் எப்படியோ தெரியவில்லை. கோமளாவையும் கூப்பிட்டேன், நடுவில் ஓர் ஆள் இருந்தால் நல்லது என்று. "நான் வரலண்ணா. அவுரு ஓட்டறப்ப பக்கத்துல உக்காந்தா எனக்குக் கை நோவுது" என்றாள். கார் ஓட்டுவது அவன், கை வலிப்பது இவளுக்கா? பயத்தில் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மாடிக்குப் போய்க் கற்பகத்துக்குப் போன் செய்து நிலவரத்தைச் சொன்னேன். கார் அடிபட்ட கதையைக் கேட்டு ஆசை தீரச் சிரித்தாள். பிறகு குரல் மாறியது.

"நாளைக்கு அவன் வண்டியிலயா போறீங்க? வழியில காணிப்பாக்கம் வருமில்ல. புள்ளையார் முன்னாடி நின்னு சத்தியம் பண்ணுங்க. தாலி கட்டற வரைக்கும் அவன் ஓட்டறதப் பத்தி ஒரு வார்த்த பேசமாட்டேன்னு."

காணிப்பாக்கத்துப் பிள்ளையார் சத்தியத்துக்குப் பேர்போனவர். இந்தப் பக்கத்தில் எந்தத் தகராறானாலும் "காணிப்பாக்கத்துக்கு வா, பாத்துக்கலாம்" என்பார்கள். அங்கே நின்று பொய்ச் சத்தியம் செய்ய ஒருவனும் துணியமாட்டான். நிலத் தகராறுக்கும் திருட்டுக்கும் பஞ்சாயத்துப் பண்ணுகிற பிள்ளையாரிடம் போய், இண்டிகேட்டர் விஷயமாக வந்திருக்கிறேன் என்று நிற்பது எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

மறுநாள் காலையில் நின்றேன். முனிரத்தினம் செருப்புக்குக் காவலாக வெளியே இருந்தான். கிணற்றுக்குள்ளிருந்து எழுந்த அந்தப் பிள்ளையார் வருடா வருடம் வளர்கிறார் என்று சொல்கிறார்கள். எத்தனை பேருடைய வாக்குறுதியை விழுங்கியிருக்கிறாரோ, வளராமல் என்ன செய்வார். கையைக் கூப்பி, மனசுக்குள் அல்ல, கற்பகம் சொன்னபடி வாய்விட்டே சொன்னேன். "தாலி கட்டும்வரை என் மச்சான் கார் ஓட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டேன்." பக்கத்தில் நின்ற தெலுங்கு அம்மாள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். தமிழ் புரிந்திருக்க வேண்டும்.

அதன் பிறகுதான் பயணம் ஆரம்பமானது என்று சொல்லவேண்டும்.

முனிரத்தினத்தின் காரில் இண்டிகேட்டர் போடும் தண்டு பத்திரமாக இருந்தது. அதில் முகம் துடைக்கும் துண்டைக் காயப் போட்டிருந்தான். நான் அதைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவன் பார்த்தான். நான் ஜன்னலுக்கு வெளியே வேர்க்கடலைக் கொல்லைகளைப் பார்க்க ஆரம்பித்தேன்.

பூதலப்பட்டு தாண்டியதும் மாங்காய் டிராக்டர் ஒன்றை இடதுபக்கமாக முந்தினான். எட்டிப் பறித்திருந்தால் ஒரு மாங்காய் அவன் கைக்கு வந்திருக்கும். நான் பேசவில்லை. சாலைப் பிரிவு ஒன்றில் நேராகப் போவதுபோல் போய், கடைசி நிமிஷத்தில் ஏதோ நினைவு வந்தவன்போல் வளைத்தான். பின்னால் ஒரு பஸ் அலறியது. நான் முருகனையும் பெருமாளையும் மாறி மாறிக் கும்பிட்டேன், பேசவில்லை. சந்திரகிரிக் கோட்டை வந்தபோது அதைக் காட்டி, "நல்ல கோட்டை" என்றேன். காணிப்பாக்கத்திலிருந்து அதுவரை நான் சொன்ன ஒரே வாக்கியம் அது.

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். சாலையைப் பார்க்க வேண்டிய நேரம் அது. அதையும் நான் சொல்லவில்லை.

திருப்பதி ஊருக்குள் நுழைந்ததும் என் கண்ணுக்கு விருந்து. எல்லா மாநிலத்துப் பதிவெண்களும் அங்கே உண்டு. எல்லா மாநிலத்து மறதியும் உண்டு. ஷேர் ஆட்டோக்காரர்கள் காலால் சிக்னல் காட்டுகிறார்கள். இடதுபக்கம் ஒதுங்க வேண்டுமானால் இடது கால், செருப்போடு, வெளியே வரும். திரும்பி முடித்ததும் உள்ளே போய்விடும். என் காரின் விளக்கைவிட நம்பகமான ஏற்பாடு. பைக்கில் போகிறவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்த மனைவி கை காட்டுகிறாள். சில வீடுகளில் அவள் ஒரு பக்கமும் அவன் ஒரு பக்கமும் போக விரும்புவது தெரிகிறது. மொட்டை அடித்துச் சந்தனம் பூசிய குடும்பங்கள் நடுரோட்டில் நின்று எந்தப் பக்கம் போகலாம் என்று ஆலோசிக்கின்றன. யாரும் யாரையும் திட்டவில்லை, ஹாரன் அடித்துக்கொண்டே "கோவிந்தா" என்கிறார்கள். கோவிந்தா என்று சொல்லிவிட்டால் எதிரில் வருகிறவன் முறைக்க முடியாது.

பசி நேரம். இடதுபக்கச் சந்தில் நல்ல சாப்பாட்டுக் கடை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே முனிரத்தினம் வேகத்தைக் குறைத்தான். அப்போது நான் பார்த்தேன். என் பக்கத்துக் கண்ணாடியில், எங்கள் காருக்கும் நடைபாதைக்கும் நடுவே இருந்த இடுக்கில் ஒரு ஸ்கூட்டர் வந்துகொண்டிருந்தது. ஓட்டுகிறவர், பின்னால் மனைவி, முன்னால் ஒரு பெரிய மூட்டை. ஸ்டியரிங் இடதுபக்கம் வளைவது தெரிந்தது. வாயைத் திறந்தேன். கிணற்றுக்குள்ளிருந்து பிள்ளையார் எட்டிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் கற்பகம். வாயை மூடிக்கொண்டேன்.

கார் உரசியது. ஸ்கூட்டர் சாயும் முன் அந்த அம்மாள் குதித்துவிட்டாள், ஓட்டினவர் காலை ஊன்றிக்கொண்டார். ஒருவருக்கும் அடியில்லை. மூட்டைதான் அவிழ்ந்தது. தக்காளி. மூட்டை நிறையத் தக்காளி, சாலை முழுக்க உருண்டது.

அடுத்து நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. மனிதருக்கு நிற்காத போக்குவரத்து தக்காளிக்கு நின்றது. ஆட்டோக்காரர் ஒருவர் சிக்னல் காட்டிய அதே காலால் உருண்டு போனதைத் தடுத்தார். மொட்டைத் தலைக் குடும்பம் ஒன்று மொத்தமாகக் குனிந்து பொறுக்கியது. பஸ் டிரைவர் ஒருவர் இறங்கி வந்து டயருக்கடியில் கிடந்ததை எடுத்துத் தந்தார். நசுங்காதவை எல்லாம் மூட்டைக்குத் திரும்பின. இந்த நாட்டில் சாலைப் பண்பு செத்துப்போகவில்லை, எதையாவது கொட்டினால்தான் எழுந்து வருகிறது என்று தெரிந்துகொண்டேன்.

அந்த அம்மாள் முதலில் முனிரத்தினத்தைத் தெலுங்கில் பிடித்தாள். அதன் சாரம், பார்வை உனக்குக் காருக்குள்ளேயே தீர்ந்துவிடுகிறதா என்பது. நான் "ஐயோ, அம்மா" என்றதும் அப்படியே தமிழுக்கு வந்து என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ கண்ணாடியில என்னியப் பாத்துக்கினேதான வந்த? வாயத் தொறந்து ஒரு சத்தம் குடுத்தா இன்னா? வாயில கொழுக்கட்டயா கீது?"

காணிப்பாக்கத்திலிருந்து வருகிறவனிடம் கேட்கக்கூடாத கேள்வி. நான் தலையைக் குனிந்து தக்காளி பொறுக்கினேன்.

அவள் கணவர் சமாதானம் செய்ய வந்தார். "சரி உடுமே, பெரியவரு."

"நீ பேசாத! கண்ணாடி வெச்சா வண்டி அழகு போயிடும்னு கழட்டி வெச்சவன் தான நீ?"

அவர்கள் போன பிறகு முனிரத்தினம் காரைச் சந்துக்குள் கொண்டுபோய் நிறுத்தினான். என்ஜினை அணைத்தான். தண்டிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"மாமா, எம்மேல இன்னும் கோவந்தானா?"

"கோவமா? எனக்கா?"

"காலையிலேர்ந்து பேச மாட்டேன்றீங்க. பூதலப்பட்டுல டிராக்டர ஒரசறா மாதிரி போனேன். வேணும்னேதான் போனேன். கத்துவீங்கன்னு பாத்தேன். கோட்டை நல்லா கீதுன்றீங்க. மனசுல இன்னாத்தயோ வெச்சிகினு, அக்காவுக்காக, பொண்ணுக்காக என்னக் கூப்புட வந்துகீறீங்க. அப்படி வந்த பத்திரிகைய நான் எப்படி வாங்கறது?"

"மச்சான், அது வந்து…"

"நீங்க உக்காந்தா நான் லெப்டு பக்கம் பாக்கவே மாட்டேன் மாமா. எதுனா வந்தா கத்துவீங்கன்னு தெரியும். இப்ப கத்தல. சரி, லெப்டு காலின்னு திரும்பிட்டேன். அந்தம்மா வுழுந்திருந்தா?"

எனக்கு வாயடைத்துப் போயிற்று. முதல்முறையாக, சத்தியத்தால் அல்ல. இத்தனை வருடமாக இவனை நான் திருத்திக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். இவன் என்னை ஒரு கருவியாகப் பொருத்தி ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறான். எண்ணெய் கூடப் போடாமல்.

உண்மையைச் சொன்னேன். அக்கா போன் செய்ததையும், நான் காணிப்பாக்கத்தில் வாய்விட்டுச் சத்தியம் செய்ததையும்.

முனிரத்தினம் கன்னத்தில் போட்டுக்கொண்டான். "காணிப்பாக்கத்துலயா! இன்னாத்துக்கு மாமா அங்க போயி? வூட்டுப் பூஜ ரூம்ல பண்ணியிருந்தா பேசி முடிச்சுக்கலாம். அவரு உடவே மாட்டாரே."

சாப்பாட்டுக் கடைக்குள் போனோம். பருப்புப்பொடி, நெய், கோங்குரா என்கிற புளிச்சக்கீரைத் துவையல். சாதத்தில் நெய் ஊற்றுகிறவர் போதும் என்று சொல்லும் வரை ஊற்றினார், நான் சொல்லத் தாமதித்தேன். முனிரத்தினம் சாப்பிடாமல் யோசித்துக்கொண்டிருந்தான். பெரிய வக்கீல் சட்டத்தில் ஓட்டை தேடுகிற முகம். மோர் சாதத்தில் கை வைக்கும்போது கிடைத்துவிட்டது.

"வாயால பேசமாட்டேன்னுதான சொன்னீங்க? கையப் பத்தி எதுனா சொன்னீங்களா?"

"இல்ல."

"அப்ப கை இருக்குதில்ல? லாரியில நாங்க இன்னா பண்ணுவோம்? டிரைவர் கண்ணு ரைட்டுல. லெப்டு சைடு கிளீனருது. கிளீனர் கை வெளிய போனாத்தான் லெப்டுல வண்டி திரும்பும். வழி காலியா இருந்தா கதவ ரெண்டு தட்டு. எவனாவது வந்தா ஒரே தட்டு, வண்டி நின்னுடும். இண்டிகேட்டர யாரு பாப்பான்? கைய எல்லாரும் பாப்பான்."

கோமளாவுக்கு ஏன் கை வலிக்கிறது என்று எனக்கு விளங்கியது.

"நகரியில உங்கள எறக்கி உட்டது இண்டிகேட்டர்னு சொன்னதுக்கு இல்ல மாமா. லெப்டு சீட்டுல உக்காந்துகினு, ரெண்டு கையையும் மடியில வெச்சிகினு, வாய மட்டும் வெளிய உட்டீங்களே, அதுக்கு."

"அப்ப இண்டிகேட்டர்னு ஒண்ணு காருல எதுக்கு இருக்கு?" என்று கேட்க நாக்கு துடித்தது. நெய்ச் சாதத்தோடு சேர்த்து விழுங்கினேன். சத்தியம்.

இப்படியாக, கும்பகோணத்தில் பாத்திரக்கடை முதலாளியாக இருந்தவன் திருப்பதியில் கிளீனரானேன். சாப்பாட்டுக் கடைச் சந்திலிருந்து வெளியே வரும்போது கையை நீட்டினேன். எதிரில் வந்த ஆட்டோ நின்றது. எனக்கே நம்பிக்கை வரவில்லை. மறுபடி நீட்டினேன். ஒரு பஸ் நின்றது. வாழ்நாளெல்லாம் விளக்கைப் போட்டும் கிடைக்காத மரியாதை ஒரு சுருங்கிய கைக்குக் கிடைத்தது. கதவை இரண்டு தட்டுத் தட்டினேன், கார் நகர்ந்தது. ஒரு தட்டு, நின்றது. நாற்பது பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவனுக்குக்கூட இந்த அதிகாரம் இருக்காது. கொஞ்ச நேரத்தில் தேவையில்லாத இடத்திலும் நீட்ட ஆரம்பித்துவிட்டேன். பழக்கடைக்காரர் ஒருவர் என்னைக் கூப்பிடுவதாக நினைத்து ஓடிவந்தார்.

அலிபிரி தாண்டி மலைப்பாதையில் எனக்கு வேலையில்லை. ஏற ஒரு பாதை, இறங்க ஒரு பாதை. எங்கே திரும்புவது என்பதை மலையே முடிவு செய்துவிட்டது. பெருமாள் நம் ஆட்களை நன்றாக அறிந்தவர்.

மேலே தரிசன வரிசையிலும் சாலை விதிகள்தான். பின்னால் வருகிறவரின் முழங்கை விலாவில் பட்டால் அவர் முந்தப்போகிறார் என்று அர்த்தம். மொட்டை போடவில்லையா என்று ஒருவர் என்னைக் கேட்டார். என் தலையை இன்னொரு முறை பார்த்துவிட்டு அவரே மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். சன்னதியில் நிற்கக் கிடைத்தது ஒரு மூச்சு நேரம். முதல் பத்திரிகையை நானும் முனிரத்தினமும் சேர்ந்து பிடித்து உண்டியலில் சேர்த்தோம். உண்டியல் பக்கத்திலேயே ஒதுங்கி நின்று அவன் கண்ணை மூடி நிறைய நேரம் வேண்டினான். என்ன வேண்டினான் என்று கேட்கவில்லை. எங்கே போகிறாய் என்று கேட்பது மாதிரிதான் அதுவும்.

அன்று கீழே வந்து தங்கினோம். மறுநாள் காலை சித்தூருக்குத் திரும்பும்போது என் இடது கை தோளிலிருந்து வலித்தது. வெயில் பட்டு முழங்கைக்குக் கீழே மட்டும் கறுத்திருந்தது. பூதலப்பட்டில் அதே மாதிரி மாங்காய் டிராக்டர். நான் ஒரு தட்டுத் தட்டினேன். முனிரத்தினம் பின்னாலேயே பொறுமையாகப் போனான். எதிரே வந்த லாரியின் கிளீனர் என் கையைப் பார்த்துவிட்டு, தொழில்காரனுக்குத் தொழில்காரன் என்கிற முறையில், தன் கையை உயர்த்தினான். எனக்குப் பெருமையாக இருந்தது. கற்பகத்திடம் சொல்ல முடியாத பெருமை.

மெக்கானிக் காரைத் தயாராக வைத்திருந்தார். வலது கதவு நிமிர்ந்திருந்தது. "லெப்டு பல்பு மட்டும் போயிடுச்சு சார், மாத்திட்டேன்" என்றார். "ரொம்ப ஒழைச்சிருக்குது பாவம்."

முனிரத்தினம் வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு மறுபடி தட்டை எடுத்தேன். வெற்றிலை வாடியிருந்தது, கோமளா ஓடிப்போய்ப் புதிதாக வைத்தாள். கற்பகம் போனில் காத்திருந்தாள். சட்டைப் பையிலிருந்து அவள் மூச்சுவிடுவது கேட்டது. நான் தட்டை நீட்டினேன். முனிரத்தினம் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். வாங்கிவிட்டுப் பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தானே ஒழிய வாயைத் திறக்கவில்லை.

பெருமாளுக்கு வைத்தாயிற்று. தட்டும் கை மாறியாயிற்று. இன்னும் 'பார்க்கலாம்' என்றுவிட்டால் என் பெண்ணுக்கு நான் என்ன சொல்வது?

"மச்சான், வருவியா மாட்டியா? ஒரு வார்த்த சொல்லிடு. நித்யா உன் கார்லதான் மண்டபத்துக்குப் போவேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா."

அவன் தட்டைக் கோமளாவிடம் கொடுத்தான். என் கறுத்த கையை மேலும் கீழும் பார்த்தான்.

"பொண்ணு கார்ல லெப்டு சீட்டு உங்களுது மாமா."